இரை சுமக்கும் சிறு படகு: வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்கு ஓர் அறிமுகம்

சென்னை ரெட்டேரியின் கரையில் விடியற்காலையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைச் சிறிது நேரம் கவனித்தால் போதும், இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்பது விளங்கிவிடும். மண்புழு கோத்தவர் கவலையில்லாமல் வீசுகிறார். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருண்டை பிடித்து வந்தவர்தான் திண்டாடுகிறார். உருண்டையை இறுக்கிப் பிடித்தால் அது தண்ணீரில் கரைய வெகுநேரம் ஆகும், மீனும் வராது. இளக்கமாகப் பிடித்தால் வீசிய வேகத்திலேயே முள்ளைவிட்டுக் கழன்று பாதி வழியில் விழுந்துவிடும். மீனோ அந்தப் பக்கத்து ஆகாயத்தாமரைத் திட்டின் ஓரத்தில், கை வீச்சுக்கு எட்டாத தூரத்தில் புரண்டுகொண்டிருக்கும். இரையையும் முள்ளையும் ஏற்றிக்கொண்டு அந்தத் திட்டின் ஓரம்வரை சத்தமில்லாமல் போய், அங்கே இறக்கிவிட்டுத் திரும்பி வரும் சிறு படகைத்தான் இரைப்படகு என்கிறோம். கரையில் இருப்பவர் கையிலுள்ள ரேடியோ கருவியால் அதை இயக்குகிறார். ஐரோப்பாவில் கெண்டை பிடிப்போரிடையே இது வெகுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆயத்தமாகவும் கிடைக்கிறது. அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது என்பதாலும், செய்து பார்ப்பதிலேயே பாதி மகிழ்ச்சி இருப்பதாலும், இதை வீட்டில் செய்வது எப்படி என்பதன் அடிப்படையை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

ரேடியோவால் படகை ஓட்டுவது புதிய எண்ணமன்று. 1898-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் மக்கள் முன்னிலையில் ஒரு தொட்டித் தண்ணீரில் கம்பியில்லாமல் ஒரு சிறு படகை ஓட்டிக்காட்டி, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். விமானமும் டிரோனும் இந்த வித்தைக்குப் பின்னால் வந்தவை.

செய்யத் தொடங்குமுன் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. இது பந்தயப் படகன்று, சுமை வண்டி. பொம்மைக் கடையில் தொங்கும் சிவப்பு நிற வேகப் படகைப் பார்த்துவிட்டு அதே வடிவத்தில் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், ஏனெனில் அந்த வடிவம் எடை குறைவாக இருந்தால் மட்டுமே தண்ணீரின் மேல் எழும்பி ஓடும். ஒரு கிலோ இரையை வைத்தவுடன் எழும்ப முடியாமல் தவிக்கும். நமக்கு வேண்டியது எடையைத் தாங்கி, ஆடாமல் நடந்து போகும் படகு.

அதற்கு இரட்டை உடல் படகுதான் ஏற்றது. இவ்வடிவத்தை உலகமெங்கும் கட்டமரன் என்கிறார்கள். அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் பொருள் மாறிவிட்டது: நம் கரையில் கட்டுமரம் என்பது மரங்களைப் பக்கம்பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்தது, நடுவில் இடைவெளி கிடையாது. நமக்கோ அந்த இடைவெளிதான் வேண்டும், இரைப்பெட்டி தொங்கப்போகும் இடம் அதுவே.

மிக எளிய வழி, வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் பயன்படும் 110 மி.மீ. பிவிசி பைப்பில் இரண்டு துண்டுகளை எடுத்து, இரு முனைகளிலும் மூடி போட்டுச் சால்வன்ட் சிமென்டால் ஒட்டுவதாகும். துண்டு ஒன்று 80 செ.மீ. நீளம் என்று கொள்வோம். 110 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 95 சதுர செ.மீ.; அதை 80-ஆல் பெருக்கினால் 7,600 கன செ.மீ., அதாவது 7.6 லிட்டர். ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ எடையைத் தாங்கும் என்பதால், இரண்டு குழாய்களும் முழுக்க மூழ்கும்போது 15 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் முழுக்க மூழ்கிய படகு படகாகாது. குழாய் பாதியளவு மூழ்கியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நம் கையிருப்பு 7.6 கிலோ. குழாய்கள், பேட்டரி, மோட்டார்கள், இரைப்பெட்டி, இரை, மேலே வரும் பலகை எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கணக்கு மீறினால் குழாயைப் பத்து செ.மீ. நீட்டினால் போதும், ஒட்டிய பிறகு அது நடக்காது.

குழாய்க்குப் பதிலாகத் தெர்மாகோலைச் செதுக்கி வடிவம் கொடுப்பவர்களும் உண்டு. மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகள் காசிமேட்டில் ஏராளமாகக் கிடக்கும். என் முதல் படகை அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு நாள் உட்கார்ந்து, உப்புத்தாளால் தேய்த்து, பார்க்க அழகான ஒரு மூக்கோடு செய்து முடித்து, மேலே ஃபைபர் பூசிவிடலாம் என்று ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் ஒருவரிடமிருந்து கொஞ்சம் ரெசினும் ஹார்டனரும் வாங்கிவந்து பூசினேன். பூசிய இடம் முதலில் பளபளத்தது. பிறகு, மழையில் நனைந்த அப்பளம் போலக் குழைந்து, நடுவில் குழி விழுந்து, சில நிமிடங்களில் மூக்கு இருந்த இடத்தில் ஒரு பிசுபிசுத்த பள்ளம் மட்டும் இருந்தது. மறுநாள் அவரிடம் சொன்னபோது, “தெர்மாகோல்னு மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? ரெசின் அத்த தின்னுடும்பா” என்றார். ஃபைபர் படகுக்குப் பொதுவாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, தெர்மாகோல் பாலிஸ்டைரீன், முன்னது பின்னதைக் கரைத்துவிடும். எபாக்சி ரெசின் கரைக்காது. எபாக்சிக்கு வழியில்லையென்றால், பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை இடைவெளியின்றி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாலே ஏரித் தண்ணீருக்குப் போதுமானது, அழகாக இராது என்பதைத் தவிர.

இரு குழாய்களின் மையங்களுக்கு இடையே 30 முதல் 35 செ.மீ. இடைவெளி விட்டு, மேலே ஒரு பிளைவுட் பலகையைப் பூட்டுங்கள். அகலம் கூடக்கூடப் பக்கவாட்டில் கவிழாத தன்மை கூடும். ஆனால் மிகவும் அகன்றால் பைக்கில் எடுத்துப்போக முடியாது. என் அனுபவத்தில் பெரும்பாலான வீட்டுப் படகுகளின் இறுதி அளவைத் தீர்மானிப்பது இயற்பியலன்று, பைக்கின் பின்சீட்டு.

அடுத்து உந்துவிசை. நீரை இடித்துக்கொண்டு நகரும் படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்த ஓர் இயல்பான வேக வரம்பு உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை, மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் அந்த வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று ஏறத்தாழக் கிடைக்கும். 80 செ.மீ. படகுக்கு அது விநாடிக்கு 1.1 மீட்டர், நாம் நிதானமாக நடக்கும் வேகம். குழாய் போன்ற ஒல்லியான உடல்கள் இதைச் சற்று மீறும். ஆனாலும் மோட்டாரின் சக்தியை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, அலைதான் பெரிதாகும். அந்த அலை மீனைத்தான் கலைக்கும். ஆகவே பெரிய மோட்டார் தேடி அலைய வேண்டாம்.

தொடக்கக்காரர்களை அதிகம் வாட்டுவது மோட்டாரின் அச்சு தண்ணீருக்குள் போகும் துளை. அச்சைச் சுற்றி ஒரு பித்தளைக் குழாய் வைத்து, அதற்குள் கெட்டியான கிரீஸை நிரப்பி, குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே வருமாறு சாய்த்துப் பொருத்துவது பழைய முறை. அதைச் சரியாகச் செய்ய லேத் வேலை தெரிந்தவர் ஒருவர் துணை வேண்டும். நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது வேறு: படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்ற உதவும் 12 வோல்ட் நீர்மூழ்கு பம்புகள் இரண்டு வாங்கி, வெளிக்கூட்டையும் உள்ளிருக்கும் நீர்தள்ளும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, அந்த அச்சிலேயே சிறு புரொப்பெல்லரைப் பொருத்திவிடுவது. அந்த மோட்டார் நீருக்குள் இருக்கவே செய்யப்பட்டது. அதற்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலை நாம் தொடவே போவதில்லை. குழாய் ஒன்றுக்கு ஒரு மோட்டார் என்று பின்முனையின் அடியில் பூட்டினால், சுக்கான் வைக்க வேண்டிய தேவையும் போய்விடும். இடது மோட்டார் வேகமாக, வலது மெதுவாக ஓடினால் படகு வலப்பக்கம் திரும்பும்; ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் ஓடினால் நின்ற இடத்திலேயே சுழலும். மாட்டுவண்டியில் ஒரு பக்கத்து மாட்டை இழுத்துப் பிடித்து வண்டியைத் திருப்புவது போன்றதுதான். புரொப்பெல்லரைச் சுற்றிக் கம்பிவலையால் ஒரு கூண்டு கட்ட மறக்கவேண்டாம். வடசென்னை ஏரிகளில் ஆகாயத்தாமரை வேர் அகப்படாத நாளே கிடையாது, போதாக்குறைக்கு நம் தங்கூசியே, அதாவது தூண்டிலின் நைலான் நூலே, புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

இனி ரேடியோ. கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர், படகில் இருப்பது ரிசீவர். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வரையறுக்கப்பட்ட குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு இந்த வரிசையில் உரிமம் தேவையில்லை என்று 2005-இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ரிசீவரிடமிருந்து மோட்டாருக்குப் போகும் கட்டளை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: விநாடிக்கு ஐம்பது முறை ஒரு மின்துடிப்பு போகிறது, அத்துடிப்பு 1.5 மில்லிவிநாடி நீண்டால் “நில்”, 2-க்கு நெருங்கினால் “முழு வேகத்தில் முன்னே”, 1-க்கு நெருங்கினால் “முழு வேகத்தில் பின்னே”. இதைப் படித்து, பேட்டரியின் மின்சாரத்தை அளந்து மோட்டாருக்கு விடுவது ஈஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மோட்டார் ஒன்றுக்கு ஒன்று என இரண்டு வேண்டும். நம் பம்பு மோட்டார் போன்ற பிரஷ் மோட்டாருக்கானதாகவும், பின்னோக்கியும் ஓட்டக்கூடியதாகவும் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கருவிகள் ரிசீவருக்கும் மின்சாரம் கொடுக்கும். இரண்டும் ஒருசேரக் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூடும் என்பதால், ஏதேனும் ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் இணைப்பிலிருந்து கழற்றி டேப் சுற்றி வைத்துவிடுங்கள். ஒரே குச்சியால் இரு மோட்டாரையும் ஆள்வதற்கு டிரான்ஸ்மிட்டரில் கலப்பு வசதி, அதாவது முன்-பின், இடம்-வலம் கட்டளைகளைச் சேர்த்து இரு மோட்டாருக்கும் பிரித்துக் கொடுக்கும் வசதி, இருக்க வேண்டும். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆறு சேனல் (ஆறு தனித்தனிக் கட்டளை வழிகள்) கருவிகளில் அது எலிவான் என்ற பெயரில் இருக்கிறது. விமானக்காரர்களுக்காக வைத்த பெயர். நமக்கும் அதே கணக்குத்தான்.

பெட்டியின்மேல் எவ்வளவு தூரம் எட்டும் என்று எழுதியிருந்தாலும், தண்ணீர்மேல் அது அப்படியே கிடைப்பதில்லை. காரணம் உண்டு. ரேடியோ அலை ஒரு நூல்போல நேராகப் போவதன்று. நடுவில் புடைத்த ஒரு சுருட்டு வடிவ வெளி அதற்குத் தேவைப்படுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; 200 மீட்டர் தூரத்துக்கு அந்தச் சுருட்டின் நடுப்பகுதியின் ஆரம் இரண்டரை மீட்டர். படகின் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலும், நாம் கரையில் குந்தியபடியும் இருந்தால் அந்தச் சுருட்டின் கீழ்ப்பாதியில் பெரும்பகுதி ஏரிக்குள் இருக்கும். ஆகவே நின்றுகொண்டு, முடிந்தால் ஏரிக்கரை மேட்டின்மேல் நின்றுகொண்டு இயக்குங்கள். படகிலும் ஆன்டெனாவை ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டுச் செங்குத்தாக உயர்த்தி வையுங்கள். ரிசீவர் ஆன்டெனாக் கம்பியில் உண்மையில் வேலை செய்வது நுனியிலுள்ள 31 மி.மீ. மட்டுமே, அதை வெட்டவோ மடக்கவோ கூடாது.

உண்மையைச் சொன்னால், ரேடியோ எட்டாமல் போவதற்கு முன்பே நம் கண் எட்டாமல் போய்விடும். 150 மீட்டர் தூரத்தில் இருக்கும் 40 செ.மீ. அகலப் படகைப் பின்புறமிருந்து பார்த்தால், நீட்டிய கையில் பிடித்த ஒரு கடுகின் அளவே தெரியும். அது நம்மை நோக்கி வருகிறதா, நம்மைவிட்டுப் போகிறதா என்பதே தெரியாது. வரும்போது இடது வலது மாறித் தோன்றுவதால் குழப்பம் இரட்டிப்பாகும். முன்பக்கம் ஆரஞ்சு நிறக் கொடி ஒன்றும், பின்பக்கம் வெள்ளைக் கொடி ஒன்றும் நட்டுவைத்தால் போதும்.

சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ரிசீவருக்கு முன்கூட்டியே கற்பிக்கும் வசதிக்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். அமைக்காமல் விட்டால் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், அதாவது படகு அக்கரைக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரு மோட்டாரும் நிற்கவேண்டும், இரைக்கதவு திறக்கக்கூடாது என்று அமையுங்கள். அமைத்துவிட்டு, படகை மேசைமேல் தூக்கிவைத்து மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்து, நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையின்போது தவிர, எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்குங்கள், கடைசியில் அணையுங்கள்.

இனி இரைப்பெட்டி. எல்லோரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். படகின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. அடியில் கீல் வைத்த கதவுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரு குழாய்களுக்கும் நடுவில் தொங்கவிடுங்கள். கதவை மூடிவைத்திருப்பது ஒரு சைக்கிள் ஆரக்கம்பி. அந்தக் கம்பியை இழுப்பது ஒரு சிறு சர்வோ மோட்டார், கட்டளைக்கேற்ற கோணத்துக்குத் திரும்பி நிற்பது. இங்கே நடக்கும் பொதுவான தவறு, கதவையே சர்வோ தாங்கும்படி செய்வது. அப்படிச் செய்தால் போகும் வழியெல்லாம் சர்வோ எடையோடு மல்லுக்கட்டி மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும். எடையைக் கம்பி தாங்க வேண்டும், சர்வோ கம்பியை உருவ மட்டும் வேண்டும், கதவைத் திறப்பது இரையின் எடையே. கம்பி நுழையும் துளை சற்றுத் தளர்வாக, வழவழப்பாக இருக்கட்டும். பிண்ணாக்குத் தூள் அந்தத் துளையில் போய்ச் சேர்ந்து, காய்ந்து, சிமென்ட்போல இறுகிவிடும். ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் பழைய பல்துலக்கியால் கழுவிவிடுங்கள். எஸ்ஜி90 எனும் மலிவான சர்வோவின் பற்கள் பிளாஸ்டிக். அதே அளவில் உலோகப் பற்களோடு வருவதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவன்று.

பெட்டி படகின் நீளவாக்கில் நட்டநடுவில் இருக்கவேண்டும். நம் 80 செ.மீ. படகு பாதி மூழ்கிய நிலையில், ஒரு கிலோ இரை இறங்கினால் ஏறத்தாழ 6 மி.மீ. மேலெழும். பெட்டி நடுவில் இருந்தால் சமமாக எழும். மூக்குப் பக்கம் இருந்தால் இரை விழுந்தவுடன் மூக்குத் தூக்கிக்கொண்டு பின்புறம் அமிழும், எதிர்க்காற்றில் நேராகத் திரும்பி வராது. பேட்டரியையும் இதே காரணத்தால் மோட்டார்களின் எடைக்கு ஈடாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, தொட்டித் தண்ணீரில் படகு மட்டமாக நிற்கும் இடத்தில் பட்டைபோட்டுக் கட்டுங்கள்.

முள் கோத்த தங்கூசியை இரையோடு சேர்த்து இதே பெட்டிக்குள் வைத்து, கதவின் பின்விளிம்பிலுள்ள ஒரு வெட்டின் வழியே வெளியே விடவேண்டும். படகு போகும்போது, தங்கூசி தடையின்றி ஓட, ரீலின் கம்பி வளையம் திறந்திருக்க வேண்டும். ஆனால் தங்கூசி தொய்ந்து தண்ணீரில் கிடக்கவும் கூடாது. ஒரு விரலால் லேசாகத் தடவிக்கொண்டே விடுங்கள்.

மின்சாரத்துக்கு, யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். இரண்டு கிலோ கனக்கும், ஆனால் எங்கும் கிடைக்கும், லித்தியம் பேட்டரிபோல முரட்டுத்தனமான கையாளலுக்குத் தீப்பற்றாது. மோட்டார் ஒன்றுக்கு 3 ஆம்பியர் என்றால் இரண்டுக்கும் 6. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடிக்காமல் இருப்பது நல்லது என்பதால் நமக்குக் கிடைப்பது 3.5 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 35 நிமிட ஓட்டம். நூறு மீட்டர் போய் இரையிட்டுத் திரும்ப ஐந்து நிமிடம் என்றால் ஏழு முறை போய்வரலாம். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே கார்களில் போடும் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். புரொப்பெல்லரில் வேர் சிக்கி மோட்டார் சுழல முடியாமல் நிற்கும்போது மின்னோட்டம் பல மடங்கு ஏறும், அப்போது கம்பி உருகுவதைவிட ஃபியூஸ் போவது மேல். ரிசீவரையும் ஈஎஸ்சிகளையும் மூடி இறுகும் ஒரு டிபன் டப்பாவில் வைத்து, கம்பிகள் வெளிவரும் துளைகளை எம்-சீலால் அடைத்துவிடலாம்.

எங்கே ஓட்டுவது? புழல் குடிநீர் ஏரி, அதில் வேண்டாம். மற்ற ஏரிகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கக்கூடும். குத்தகைதாரரைக் கேட்டுக்கொண்டு இறங்குவதுதான் முறை. காசிமேட்டுக் கடலின் அலையில் இந்த அளவுப் படகு ஒரு நிமிடம்கூட நிற்காது. எண்ணூர்க் கழிமுகத்தில் மடவைக்கும் கொடுவாவுக்கும் ஆசைப்படுபவர்கள் நீரோட்டத்தை முதலில் அளக்க வேண்டும். வற்றும் நேரத்தில் நீர் கடலை நோக்கி இழுக்கும். கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டு, அது முதல் குச்சியிலிருந்து இரண்டாவதைத் தாண்ட எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். இருபது விநாடி என்றால் நீரின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். நம் படகின் வேகத்தில் பாதி அதற்கே போய்விடும். பத்து விநாடி என்றால் படகைப் பைக்கிலிருந்து இறக்கவே வேண்டாம். அங்கே வலை கட்டியிருப்பவர்களும், இடுப்பளவு நீரில் கையால் இறால் துழாவுபவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய பக்கம் படகு போகக்கூடாது, அது அவர்களின் சோறு. உப்புநீரில் ஓட்டிய நாளில் வீடு வந்ததும் மோட்டார்களை ஒரு வாளி நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து ஒரு நிமிடம் ஓட்டிக் கழுவினால் அச்சு துருப்பிடிக்காது.

முதல் ஓட்டத்துக்கு, காற்று நம் கரையை நோக்கி வீசும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்; எது நின்றுபோனாலும் படகு தானாக நம்மிடம் ஒதுங்கும். பின்பலகையில் ஒரு கொக்கி மாட்டி, அதில் தடித்த தங்கூசியைக் கட்டி, மறுமுனையைக் கரையில் ஒருவர் பிடித்திருக்க, இரைக்குப் பதில் ஒரு கிலோ மணலைப் பெட்டியில் வைத்து முப்பது மீட்டருக்குள் பத்து முறை போய்வரச் செய்யுங்கள். கயிறில்லாமல் விடும் நாளிலும் கையில் இரண்டாவது தூண்டில் ஒன்று இருக்கட்டும், முனையில் முள்ளுக்குப் பதில் கனமான ஒரு தக்கையோடு. நடு ஏரியில் நின்றுபோன படகுக்கு அப்பால் அந்தத் தக்கையை வீசி, தங்கூசி படகின் குறுக்கே விழும்படி மெல்லச் சுற்றினால், அது கொடிக்கம்பத்தில் மாட்டிக்கொண்டு படகையும் இழுத்துவரும். கொடிக்கம்பத்தை வெறும் பசையால் ஒட்டாமல் நட்டுபோட்டு முடுக்கியிருக்க வேண்டும்.